எடையிலிருந்து இணைய முகவரிக்கு

இணைய முகவரியின் வாலில் # இருந்தால், எவ்வளவு நீளமான பக்கத்திலும் வேண்டிய பத்திக்கே போய் இறங்கிவிடலாம். இந்தக் குறியை வளர்த்து ஆளாக்கியவர்கள் எடைபோட்டு விற்ற வணிகர்கள்.

'லிப்ரா' என்ற ரோமானிய எடையை ஐரோப்பியக் கணக்கர்கள் எல், பி என்று இரண்டே எழுத்தில் சுருக்கி, சுருக்கம் என்று தெரிவதற்காக ஒரு கோடும் இழுத்தார்கள். எழுதிய வேகத்தில் எழுத்துகள் கரைந்து கோடுகள் மிஞ்சின. பாதி உருமாறிய வடிவம் நியூட்டனின் கையெழுத்தில் இருக்கிறது. அமெரிக்காவில் அதே குறி எண்ணுக்கு முன்னால் வந்தால் வரிசை எண், பின்னால் வந்தால் பவுண்டு. தட்டச்சுப் பொறியில் ஏறிய அது, 1968-ல் தொலைபேசிப் பொத்தானிலும் இடம்பிடித்தது.

ஜெனீவா அருகே செர்ன் ஆய்வுக்கூடத்தில் வலையை வடிவமைத்த டிம் பெர்னர்ஸ்-லீக்கு, ஆவணத்துக்கு உள்ளே ஓர் இடத்தைச் சுட்ட ஒரு குறி தேவைப்பட்டது. அமெரிக்க அஞ்சல் முகவரிகளில் கட்டடத்தின் முகவரிக்குப் பின்னால் # போட்டு உள்ளே இருக்கும் வீட்டின் எண்ணை எழுதுவார்கள். அதையே எடுத்துக்கொண்டார்.

கூடவே ஓர் அழகான விதியும் வந்தது: #-க்குப் பின்னால் உள்ளதை பிரவுசர் சர்வருக்கு அனுப்பாது. சர்வர் முழுப் பக்கத்தையும் தரும். இடத்தைத் தேடிப் பிடிப்பது பிரவுசரின் பாடு. அதனால் அந்த வாலை மாற்றினாலும் பக்கம் மறுபடி ஏற்றப்படுவதில்லை. பக்கத்தை மாற்றாமலே உள்ளடக்கத்தை மாற்றும் ஜிமெயில் போன்ற செயலிகளுக்கு இது அதிர்ஷ்டம். பின்செல்லும் பொத்தானும் ஒழுங்காக வேலை செய்தது.

ஆனால் தேடுபொறிக்கு அந்த உள்ளடக்கம் தெரியவில்லை. 2009-ல் கூகுள் #! என்ற ஒட்டுவேலையை முன்வைத்தது. 2010-ல் ட்விட்டர் பின்பற்ற, மற்றவர்களும் தொடர்ந்தார்கள். என்னைக் கேட்டால் அது தவறான பாதை. உள்ளடக்கத்தைக் கொண்டுவரும் ஜாவாஸ்கிரிப்ட் பழுதானால் வாசகருக்கு வெற்றுப் பக்கமே மிஞ்சும். 2012-ல் ட்விட்டர் பின்வாங்கியது; பக்கம் வேகமாகத் திறந்தது. பழைய இணைப்புகள் மட்டும் தலைவலியாகத் தங்கின. சர்வர் கண்ணிலேயே படாத வாலை அங்கிருந்து எப்படித் திருப்பிவிடுவது? அதற்கென்று பிரவுசரில் ஓடும் ஒரு நிரலைக் காலமெல்லாம் வைத்திருக்க வேண்டும்.

இடத்தைச் சுட்டும் #-இன் முதல் வேலையிலும் ஒரு தளை இருந்தது: பக்கத்தை எழுதியவர் அடையாளம் வைத்த இடத்துக்குத்தான் போக முடிந்தது. 2020-ல் குரோம் அந்தத் தளையை அறுத்தது. விரும்பிய சொற்றொடரையே #-க்குப் பின்னால் வைத்து யாரும் அனுப்பலாம். அந்த வரி நீக்கப்பட்டிருந்தால் பக்கம் சத்தமில்லாமல் முதல் வரியிலிருந்தே திறக்கும்.