இடிக்குப் பேர் போடுவார்களா?

கல்லூரி நாடகங்களில் நான் மேடை ஏறியதே இல்லை. திரைக்குப் பின்னால் நின்று தகரத் தகட்டை ஆட்டினால் இடி. இரண்டு கொட்டாங்கச்சியைத் தட்டினால் குதிரை. நோட்டீசில் என் பெயர் வராது. "இடிக்கெல்லாம் பேரு போடுவாங்களாடா?" என்று சிரிப்பான் விழுப்புரத்து நண்பன்.

இந்தக் கலைக்கும் வரலாறு உண்டு. அமெரிக்காவில் யுனிவர்சல் நிறுவனத்தின் ஜாக் ஃபோலி, 1929இல் வந்த 'ஷோ போட்' படத்துக்கு, ஓடும் காட்சியைப் பார்த்தபடியே ஓசைகளைச் சேர்த்தார். அவர் பெயரே இவ்வேலைக்கும் நிலைத்தது. நமக்கு முதல் பேசும் படமான 'காளிதாஸ்' (1931) பம்பாயில் தயாரானது. சென்னையிலேயே எடுத்த முதல் பேசும் படம் 'ஸ்ரீனிவாச கல்யாணம்' (1934). அதன் ஒலிப்பதிவாளர் யார் தெரியுமா? ஏ. நாராயணனின் மனைவி மீனாட்சி! எத்தனை பேருக்கு அந்தப் பெயர் தெரியும்?

இன்று திண்டிவனத்தில் என் வீட்டுப் பின்னறைதான் ஸ்டூடியோ. சுவரெல்லாம் பழைய மெத்தை, கம்பளி. பஸ் ஹாரன் ஓய்ந்த பிறகே பதிவு. பழைய கேசட் நாடாவைக் கசக்கினால் காய்ந்த புல்லில் நடக்கிற சத்தம். ஈரத் துணியைப் பிசைந்தால் சேற்று நடை.

ஒரு குறும்படத்துக்கு ஆட்டுக்கல் சத்தம் கேட்டார்கள். எந்தப் பொருளை உருட்டினாலும் அது வரவில்லை. கடைசியில் விழுப்புரத்து நண்பன் வீட்டில் அவன் அம்மாவே உட்கார்ந்து மாவாட்டிக் கொடுத்தார். மூன்றாம் மாதம் அவர் காலமானார். அந்தப் பதிவை நண்பன் இரண்டு முறை கேட்டான். பிறகு மெதுவாக, "இதுல அம்மா பேரைப் போடுடா" என்றான்.

போட்டேன். மாணவத் தம்பி தங்கைகளே, உங்கள் வீட்டுச் சத்தங்களையும் பதிந்து வையுங்கள், பெயரோடு.