ஒரே இசை, இரண்டு வட்டுகள்

நானா மௌத்தாகி ஆறு மாதமிருக்கும். தெஹிவளையில் அவருடைய வீட்டு மேல் அறையை ஒதுக்கிக் கொடுக்கப் போயிருந்தேன். முப்பது வருடத்துக்கு மேல் கப்பலில் வேலை செய்த மனிதர். சிங்கப்பூர், ஹம்பேர்க், யொகோஹாமா என்று கப்பல் நின்ற துறைமுகங்களில் எல்லாம் இறங்கி அவர் வாங்கிச் சேர்த்தவை உடுப்போ கடிகாரமோ அல்ல, இசை இறுவட்டுக்கள். சுவரோரம் அடுக்கியிருந்ததை எண்ணிப் பார்த்தேன். 317.

“சாச்சா, இதெல்லாம் ஃபோன்ல ஈக்கிதானே. இனி என்னத்துக்கு வச்சிக் கொண்டு?” என்று அவருடைய மகள் கேட்டாள். கேட்டதில் பிழையில்லை. நானும் என்னிடமிருந்த சிடிகளைச் சில வருடங்களுக்கு முன்னர் பழைய சாமான் வாங்குபவரிடம் கொடுத்தவன்தான். ஆகவே ஒன்றும் சொல்லாமல் பெட்டிகளில் போடத் தொடங்கினேன்.

பாதி வேலையில் கை நின்றது. ஒரே இசைத்தொகுப்பில் இரண்டு பிரதிகள். மைல்ஸ் டேவிஸின் ‘கைன்ட் ஒஃப் புளூ’ இரண்டு; டயர் ஸ்ட்ரெய்ட்ஸ் குழுவின் ‘பிரதர்ஸ் இன் ஆர்ம்ஸ்’ இரண்டு. முதல் சோடியில், பழைய வட்டின் உறைக்குள் நானாவின் கையெழுத்தில் ஒரு துண்டு: “முதல் மூணும் வேகம் கூட. புதிசக் கேட்கணும்.” அடுத்த சோடியில், புதிய வட்டின் உறைக்குள் இன்னொரு துண்டு: “சத்தம் கூட. பழசுதான் நல்லம்.”

ஒன்றில் புதியது சரி, மற்றதில் பழையது சரி. இந்த முரண்பாட்டை விளங்கிக் கொள்வதற்காகத் தேடி வாசித்தவற்றையும் காதால் கேட்டறிந்தவற்றையுமே இங்கு எழுதுகிறேன். அந்தப் பிள்ளையின் கேள்விக்கான விடையும் அதற்குள் இருக்கிறது.

இறுவட்டு என்பது பிலிப்ஸ், சோனி ஆகிய இரு கம்பனிகள் சேர்ந்து உருவாக்கியது. அதற்கான விதிகள் 1980இல் வகுக்கப்பட்டன. 1982 ஒக்டோபர் 1ஆம் திகதி ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. 12 சென்ரிமீற்றர் விட்டம், ஏறத்தாழ 74 நிமிட இசை. ஒரு செக்கனுக்கு 44,100 தடவை ஒலியை அளந்து, ஒவ்வோர் அளவையும் 16 பிற்றுகளில் எழுதி வைப்பதே இதன் முறை. மிக மெல்லிய ஒலிக்கும் மிக உரத்த ஒலிக்கும் இடையே சுமார் 96 டெசிபல் இடைவெளியை இது தாங்கும். ஊசி ஓடும் பழைய இசைத்தட்டுக்கு அந்த வசதி இல்லை. இனி ஒலியில் குறையே இராது என்றுதான் விளம்பரம் செய்தார்கள்.

ஆனால் வாங்கிக் கேட்ட பலர் முகம் சுளித்தனர். சில வட்டுகள் கண்ணாடித் துண்டு போலக் காதில் கீறின. வேறு சில, இன்று கேட்டாலும் ஆச்சரியப்படும் அளவுக்கு இயல்பாக ஒலித்தன. ஒரே தொழில்நுட்பம், ஒரே காலம். அப்படியானால் வித்தியாசம் எங்கிருந்து வந்தது?

பழஞ்சுவடிகளோடு பழகிய வாசகர்களுக்கு இதை விளக்குவது கஷ்டமில்லை. ஒரு நூலுக்கு ஒரு பிரதி மாத்திரம் இருப்பதில்லை. மூலத்தைப் பார்த்து எழுதியது, அந்தப் பிரதியைப் பார்த்து எழுதியது என்று ஒரு வரிசை உண்டு. ஒலிநாடாவும் அப்படித்தான். ஸ்டூடியோவில் கலந்து முடித்த நாடாவே மூலம். இசைத்தட்டில் தாழ்ந்த சுரங்கள் மிகையாக இருந்தால் பள்ளம் அகன்று ஊசி துள்ளிவிடும். ஆகவே தட்டு வெட்டுவதற்கென்று தாழ்சுரங்களைக் குறைத்து, உரத்த இடங்களை அமுக்கி, இன்னொரு நாடாவைத் தயாரிப்பார்கள். வெளிநாட்டுத் தொழிற்சாலைகளுக்குப் போனவை பெரும்பாலும் இந்தப் பிரதிகளும் அவற்றின் பிரதிகளுமே.

சிடி வந்ததும் பழைய இசையை அவசர அவசரமாகப் புதிய வடிவில் விற்க வேண்டியிருந்தது. கைக்கு எட்டிய நாடா எதுவோ அதிலிருந்தே பல வட்டுகள் செய்யப்பட்டன. தட்டுக்கெனத் திருத்திய நாடா அகப்பட்ட வட்டு மெலிந்து ஒலித்தது. அதிர்ஷ்டவசமாக மூல நாடாவோ அதற்கு நெருங்கிய பிரதியோ அகப்பட்டு, அதில் யாரும் கை வைக்காமல் அப்படியே மாற்றியிருந்தால், அந்த வட்டு அருமையாக அமைந்தது. ஆரம்பகாலச் சிடிகள் சிலவற்றின் அழகுக்குக் காரணம் யாரோ செய்த ஒரு வேலை அல்ல; செய்யாமல் விட்டதுதான்.

இங்கே ஒரு மயக்கத்தைத் தீர்த்துவிட வேண்டும். ஆரம்பத்தில் சிடி அச்சிடும் ஆலைகள் மிகச் சிலவே இருந்தன. மேற்கு ஜேர்மனியில் ஹனோவருக்கு அருகில் பொலிகிராம் ஆலை, ஜப்பானில் சோனியின் ஆலை என்பன முதன்மையானவை. அமெரிக்காவில் 1984இல்தான் இந்தியானா மாநிலத்தின் டெரே ஹோட் நகரில் உற்பத்தி தொடங்கியது. அங்கு செய்த முதல் வட்டு புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனின் ‘போர்ன் இன் த யூ.எஸ்.ஏ.’. அதனால் ‘மேற்கு ஜேர்மனியில் செய்தது’, ‘ஜப்பானில் செய்தது’ என்று அச்சிட்ட வட்டுகளைச் சேகரிப்பாளர்கள் இன்றும் தேடித் திரிகிறார்கள். குறி பார்க்கும் வளையம் போன்ற வடிவம் அச்சிட்ட ஜேர்மன் வட்டுகளுக்குத் தனி மவுசு.

ஆனால் ஆலைக்கு அந்தப் பெருமை முழுவதும் உரியதல்ல. சிடியில் இருப்பவை எண்கள். இரண்டு ஆலைகள் ஒரே எண்களை அச்சிட்டால் ஒரே இசைதான் கேட்கும். சிறு கீறல் விழுந்தாலும், இழந்த எண்களைக் கணக்கிட்டு மீட்கும் ஏற்பாடு வட்டிலேயே இருக்கிறது. வேறுபாடு பிறப்பது அதற்கு முந்திய கட்டத்தில்: எந்த நாடா, அதை எந்த இயந்திரத்தில் ஓட்டினார்கள், ஓட்டியவர் என்ன கூட்டினார், என்ன குறைத்தார். இதைத்தான் மாஸ்டரிங் என்கிறார்கள். பதிப்பாசிரியரின் வேலைக்கு நிகரானது. வட்டின் உள் வளையத்தில் பொடி எழுத்துகளும் இலக்கங்களும் பொறிக்கப்பட்டிருக்கும். எந்தப் பதிப்பு என்று இனங்காண உதவுபவை அவைதாம்.

கேட்பவரின் பக்கத்திலும் பிழை வரலாம். ஆரம்பகால ஜப்பானிய வட்டுகள் சிலவற்றில் உயர்சுரங்களைக் கூட்டிப் பதிந்து, அதைக் குறைத்து வாசிக்கும்படி இயந்திரத்துக்கு ஓர் அடையாளமும் வைத்திருந்தார்கள். பீட்டில்ஸ் குழுவின் ‘அபே ரோட்’ 1983இல் ஜப்பானில் அப்படி வெளிவந்து, சிறிது காலத்தில் விற்பனையிலிருந்து மீட்கப்பட்டது. அத்தகைய வட்டைக் கணினியில் ஏற்றும்போது அந்த அடையாளம் கவனிக்கப்படாவிட்டால் கூர்மையாகக் கீச்சிடும். குறை வட்டினது அல்ல, வாசித்த முறையினது.

இனி நானாவின் முதல் துண்டுக்கு வருகிறேன். ‘கைன்ட் ஒஃப் புளூ’ 1959இல், மார்ச் 2, ஏப்ரல் 22 ஆகிய இரு நாட்களில் நியூயோர்க்கில் பதிவு செய்யப்பட்டது. கொலம்பியாவின் அந்த ஸ்டூடியோ முன்பு ஒரு தேவாலயமாக இருந்த கட்டடம். உயர்ந்த கூரை தந்த எதிரொலியை இப்போதும் அந்த இசையில் கேட்கலாம். மைல்ஸோடு ஜோன் கொல்ட்ரேன், கெனன்போல் அடர்லி, பில் எவன்ஸ் போன்றவர்கள் வாசித்தார்கள்.

மார்ச் மாதப் பதிவின்போது பிரதான நாடா இயந்திரம் வேகம் சற்றுக் குறைந்து ஓடியிருக்கிறது. குறைந்த வேகத்தில் பதிந்ததைச் சரியான வேகத்தில் ஓட்டினால் இசை விரைவாகும், சுருதியும் ஏறும். ஏறியது அரைச் சுரத்துக்கும் குறைவு. ஆனாலும், தட்டைப் போட்டுக் கூடவே வாசித்துப் பழகுகிறவர்களின் வாத்தியத்தோடு முதல் மூன்று உருப்படிகளும் ஒட்டாது. உலகமே புகழ்ந்த ஒரு தொகுப்பு, 33 வருடங்கள் அந்தப் பிழையோடு விற்பனையானது.

நல்ல வேளை, பாதுகாப்புக்காக இரண்டாவது இயந்திரம் ஒன்றும் அதே நேரத்தில் ஓடிக் கொண்டிருந்தது. அதன் வேகம் சரியாக இருந்தது. அந்த மாற்று நாடாவை எடுத்து 1992இல் வெளியிட்ட பதிப்பில்தான் முதல் முறையாகச் சுருதி சரியானது. 1997 பதிப்பும் அந்தத் திருத்தத்தைப் பின்பற்றியது. நானா பின்னர் வாங்கியது அதைத்தான். ஆகப் பழமையான பிரதி என்பதனால் ஒன்று மூலமாகிவிடாது. பழைய பிரதியிலும் எழுதியவர் கைப்பிழை இருக்கும்; அதைக் கண்டுபிடிக்க இரண்டாவது சாட்சி வேண்டும்.

இரண்டாவது துண்டு இதற்கு நேர்மாறு. ‘பிரதர்ஸ் இன் ஆர்ம்ஸ்’ 1985இல் வந்தது. பெரும்பகுதி கரீபியனிலுள்ள மொன்செராட் தீவில் டிஜிட்டல் முறையிலேயே பதிவானது. சிடி வடிவில் பத்து லட்சம் பிரதிகள் விற்ற முதலாவது தொகுப்பு என்று இதைச் சொல்வார்கள். இசைத்தட்டில் இடம் போதாமல் சுருக்கிய பாடல்கள் சிடியில் முழு நீளத்தில் இருந்தன. 1996இல் இதன் ரீமாஸ்டர் வந்தது. அது மோசமான வேலை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டால், புதியது உரத்துக் கேட்கிறது. உரத்த அளவைக் குறைத்து இரண்டையும் சமப்படுத்திக் கேட்டபோது, பழையதில் மேளம் விழும் இடத்தில் இருந்த திடுக்கம் எனக்குக் கூடுதலாகப் பட்டது.

காரணம் இதுதான். சிடிக்கு ஓர் உச்ச வரம்பு உண்டு. எண்கள் அதற்கு மேல் போகாது. மேலும் உரக்கக் கேட்க வேண்டுமென்றால் உச்சங்களை நசுக்கி, மிச்சத்தை எல்லாம் மேலே தூக்க வேண்டும். 1990களில் கணினி வழியாக இதைச் செய்வது இலகுவாயிற்று. சற்று உரத்துக் கேட்பதை முதல் கேள்வியில் ‘நல்ல ஒலி’ என்று எடுத்துக் கொள்வது மனிதக் காதின் சுபாவம். பக்கத்துக் கடைக்காரனை விட உரக்கக் கூவும் சந்தை வியாபாரம் போல ஒவ்வொரு கம்பனியும் ஏற்றிக் கொண்டே போனது. ஒரு பக்கம் முழுவதையும் தடித்த எழுத்தில் அச்சிட்டால் எந்தச் சொல்லும் தடித்ததாகத் தெரியாதல்லவா? இசைக்கும் அதுவே நடந்தது.

2008இல் மெட்டாலிகா குழுவின் ‘டெத் மெக்னெட்டிக்’ வந்தபோது இரசிகர்களே கொதித்தார்கள். அதே பாடல்கள் ஒரு வீடியோ விளையாட்டில் இவ்வளவு நசுங்காமல் வெளிவந்திருந்தன; இரண்டையும் ஒப்பிட்டு, விலை கொடுத்து வாங்கிய சிடியே கெட்டது என்று காட்டிவிட்டார்கள். ரஷ் குழு தன்னுடைய 2002ஆம் ஆண்டுத் தொகுப்பான ‘வேப்பர் ட்ரெய்ல்ஸ்’ஐ 2013இல் மீண்டும் முதலிலிருந்து கலந்து வெளியிட்டது.

ரீமாஸ்டர் என்றாலே கெடுதல் என்று இதற்குப் பொருளில்லை. பீட்டில்ஸ் தொகுப்புகளை அபே ரோட் ஸ்டூடியோவில் நான்கு வருடம் உழைத்து 2009 செப்டம்பர் 9இல் வெளியிட்டார்கள். மொத்தம் 525 நிமிட இசையில் இரைச்சல் நீக்கும் கருவியைப் பயன்படுத்தியது ஐந்து நிமிடத்துக்கும் குறைவு. நாடாவின் ‘ஸ்ஸ்’ என்ற சத்தத்தைத் துடைக்கப் போனால் அதனோடு அறையின் காற்றும் வாத்தியம் அடங்கும் வாலும் போய்விடும் என்பதை உணர்ந்தவர்களின் அடக்கம் அது. நல்ல பதிப்பாசிரியர் மூலத்தைத் திருத்துவதை விட, அதற்கு வழி விடுவார்.

சரி, இதெல்லாம் இசைப் பித்தர்களின் பொழுதுபோக்குத்தானே என்று கேட்கலாம். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். 2008 ஜூன் 1ஆம் திகதி ஹொலிவூட்டில் யுனிவர்சல் வளாகத்தில் தீப்பிடித்தது. அங்கு வைத்திருந்த மூல ஒலிநாடாக்கள் பல எரிந்து போன செய்தி 2019இல்தான் பரவலாக வெளியே தெரிந்தது. மூலம் எரிந்த பிறகு, அதைப் பார்த்து எழுதிய பிரதியே மூலத்தின் சாட்சி. நசுக்குவதற்கு முன்னர் செய்த ஒரு பழைய சிடி யாரோ ஒருவரின் அலுமாரியில் இருந்தால், அது வெறும் பிளாஸ்டிக் அல்ல.

இன்று பாடல் சேவைகள் எல்லாப் பாடல்களையும் ஏறத்தாழ ஒரே உரப்புக்குக் கொண்டு வந்து ஒலிக்க விடுகின்றன. கூவிப் பயனில்லை என்ற நிலை வந்துவிட்டது. ஆனால் முன்பு நசுக்கியது நசுக்கியதுதான். ஃபோனில் கிடைப்பது அநேகமாகக் கடைசியாக வந்த பதிப்பு மட்டும். முந்திய பதிப்புகள் எல்லாம் இன்னும் வட்டுகளில்தான் இருக்கின்றன. நான் பழைய சாமான்காரரிடம் கொடுத்தவற்றில் என்னென்ன பதிப்புகள் இருந்தன என்று இப்போது எனக்கே சொல்லத் தெரியாது. அப்போது உள் வளையத்தைப் பார்க்க வேண்டுமென்ற அறிவு இருக்கவில்லை.

அன்றைக்கு மகளை இருத்தி, ‘கைன்ட் ஒஃப் புளூ’வின் இரண்டு வட்டுகளையும் நானாவின் பழைய பிளேயரில் ஒன்றன் பின் ஒன்றாகப் போட்டேன். எது எதென்று சொல்லவில்லை. கண்ணை மூடிக் கேட்டவள், “சாச்சா, ரெண்டாவதுல கொஞ்சம் ஆறுதலா வாசிக்காங்க” என்றாள். அவ்வளவுதான். 33 வருடம் தப்பிப் போன விசயம் அந்தப் பிள்ளைக்கு ஐந்து நிமிடத்தில் பிடிபட்டது. வாப்பாவின் துண்டை எடுத்துக் காட்டினேன். வாசித்துவிட்டு அதைத் திரும்ப உறைக்குள்ளேயே வைத்தாள்.

பெட்டிகளை மறுபடியும் திறந்தோம். ஒரு கொப்பியை எடுத்து, ஒவ்வொரு வட்டினதும் பெயர், ஆண்டு, செய்த நாடு, உள் வளையத்து இலக்கம் என்று அவள் எழுதத் தொடங்கியிருக்கிறாள். சென்ற வாரம் கேட்டேன், 140 முடிந்ததாம்.