கலத்தின் மேல் பொறித்த பெயர்



பண்டைய மக்களின் வாழ்வை ஆராயப் புகும் அறிஞர்கள் அரண்மனைகளையும் கோட்டைகளையும் மட்டும் தேடிச் செல்வதில்லை. மண்ணுக்குள் புதைந்து கிடக்கும் ஓர் உடைந்த பானை ஓட்டையும் கையில் எடுத்துத் தூசி தட்டிப் பார்க்கின்றனர். அந்த ஓட்டின் மேல் இரண்டு எழுத்துகள் கீறப்பட்டிருந்தால், பொற்காசு கண்டவரைப் போல் மகிழ்கின்றனர். ஏனெனில், கலம் மனிதனின் தேவையைக் காட்டுகிறது. அதன் மேல் எழுதிய பெயரோ மனிதனுக்கும் மனிதனுக்கும் இடையே இருந்த நம்பிக்கையைக் காட்டுகிறது.

இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் அத்தகைய ஒரு கலத்தைப் பற்றியது. வழிப்பயணத்தில் நாம் கையோடு கொண்டுசெல்லும் தண்ணீர்க் கலம், அதன் மேல் பொறிக்கும் பெயர், அதனைப் பொதிந்து விற்கும் உறை ஆகியவற்றின் வரலாறே அது. இது மிகச் சிறு பொருள் அன்றோ என நீங்கள் எண்ணக்கூடும். ஆயினும், மீண்டும் மீண்டும் பயன்படுத்தத்தக்க தண்ணீர்ப் புட்டிக்கு ஒரு பெயரும் சின்னமும் அட்டைப்பெட்டியும் அமைத்து வருமாறு இன்று கல்லூரிகளில் பயிற்சி அளிக்கின்றனர். எங்கள் களம்பூரிலிருந்து கல்லூரிக்குச் சென்று வரும் மாணவி ஒருத்தி, அப்பயிற்சிக்காக நல்ல தமிழ்ப்பெயர் ஒன்று வேண்டுமென என்னிடம் கேட்டாள். பெயர் சொல்வதற்கு முன், பெயர் என்பது எதற்காக ஏற்பட்டது என்று சொல்லுகிறேன் என்றேன். அவளுக்குச் சொன்னவற்றையே விரித்து இங்கே உங்களுக்கும் கூறுகின்றேன்.

முதலில் பழங்காலத்தை நோக்குவோம். எகிப்து நாட்டின் செங்கடற்கரையில் குசேர் அல்-காதிம் என்னும் பழைய துறைமுகம் ஒன்று உண்டு. அங்கு நிகழ்ந்த அகழாய்வில் இந்தியாவில் செய்யப்பட்ட ஒரு சாடியின் உடைந்த பகுதி கிடைத்தது. அதன் இரு பக்கங்களிலும் தமிழ்-பிராமி எழுத்தில் ‘பானை ஒறி’ என்று பொறிக்கப்பட்டிருந்தது. அது தமிழே என்பதைக் கல்வெட்டறிஞர் ஐராவதம் மகாதேவன் உறுதி செய்தார்; இச்செய்தி 2007ஆம் ஆண்டு வெளிவந்தது. காலம் கி.மு. முதல் நூற்றாண்டு என்பர். ஒறி என்பது நாம் இன்றும் சொல்லும் உறியே. உறியில் வைத்துத் தொங்கவிடும் பானை என்று அச்சாடி தன்னைத் தானே அறிமுகம் செய்துகொள்கிறது. கடல் கடந்து சென்ற கலத்தின் மேல் எழுதப்பட்டது பொருளின் பெயர்.

புதுச்சேரிக்கு அருகிலுள்ள அரிக்கமேட்டில் 1945ஆம் ஆண்டு மார்ட்டிமர் வீலர் அகழாய்வு நடத்தினார். அங்கு இத்தாலி நாட்டு அரெஸ்ஸோ வகைச் செம்மண் கலங்களின் துண்டுகள் கிடைத்தன. அவற்றின் அடியில் குயவரின் பெயர் முத்திரையாக அழுத்தப்பட்டிருந்தது. இது செய்தவன் பெயர். இனி, ஈரோடு மாவட்டத்துக் கொடுமணலில் கிடைத்த பானை ஓடுகளிலோ ஆட்பெயர்கள் பல கீறப்பட்டுள்ளன. சுட்ட பானையின் மேல் இவ்வாறு கீறிய பெயர்கள் பெரும்பாலும் உடையவன் பெயர் என்று கொள்ளப்படுகின்றன. ஆக, பொருளின் பெயர், செய்தவன் பெயர், உடையவன் பெயர் என மூன்று வகைப் பெயர்களும் ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே நம் மண்ணில் புழங்கிய கலங்களின் மேல் இடம் பெற்றிருந்தன.

அடுத்து, நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முற்பட்ட ஒரு புட்டியைக் காண்போம். ஆங்கிலேயராகிய ஹிராம் காட் என்பார் 1872ஆம் ஆண்டு ஒரு புட்டிக்குக் காப்புரிமை பெற்றார். அதன் கழுத்தினுள் ஒரு கண்ணாடிக் குண்டு இருக்கும். உள்ளே அடைபட்ட வாயுவின் அழுத்தம் அக்குண்டை மேலே தள்ளி வாயை மூடிவிடும். நம் ஊர்களில் கோலி சோடா என்று வழங்குவது இதுவே. இப்புட்டியைக் குடித்தபின் எறிவதில்லை. கடைக்காரர் திரும்பப் பெற்றுக் கழுவி மீண்டும் நிரப்புவார். காகிதச் சீட்டு ஒட்டினால் முதற் கழுவலிலேயே போய்விடும். ஆதலால் தொழிற்சாலையின் பெயரைக் கண்ணாடியிலேயே புடைத்து நிற்குமாறு வார்த்தனர். விருதுநகரில் 1916ஆம் ஆண்டு தோன்றிய குளிர்பான நிறுவனம் ‘காளிமார்க்’ என்றே பெயர் பூண்டது. குறி என்னும் பொருளுடைய மார்க் என்ற சொல் நிறுவனத்தின் பெயரிலேயே கலந்துவிட்டதைக் கவனியுங்கள்.

இங்கேதான் ஒரு சிக்கல் பிறக்கிறது. கலம் பலமுறை பயன்படுவது. பெயரோ அதில் அழியாமல் நிற்பது. ஒருவர் பெயர் பொறித்த புட்டியில் மற்றொருவர் தம் சரக்கை நிரப்பினால் குடிப்பவர் யாரை நம்புவார்? எங்கள் ஊர் நிலையை வைத்தே இதனை விளக்கலாம். களம்பூர் அரிசி ஆலைகளால் பெயர் பெற்ற ஊர். களம்பூர் அரிசி என்று அச்சிட்ட சாக்கைக் கண்டால் வெளியூர்க் கடைகளிலும் மக்கள் நம்பி வாங்குவர். சாக்கு காலியான பின் அதில் வேறு அரிசியை எவரேனும் நிரப்பித் தைத்தால், சாக்கின் மேலுள்ள எழுத்து வாய் திறந்து தடுக்காது. ஓர் ஊரில் உழவரும் ஆலைத் தொழிலாளரும் பல்லாண்டு உழைத்துச் சேர்த்த நற்பெயர், ஒரு காலிச் சாக்கினால் கெட்டுப்போக இயலும். பக்கத்து ஆரணியில் நெசவாளர் நெய்யும் பட்டுக்குப் புவிசார் குறியீடு பெறப்பட்டிருப்பதும் இத்தகைய இழப்பிலிருந்து ஊர்ப்பெயரைக் காப்பதற்கே.

பெயரைப் பொய்யாகப் பயன்படுத்துவதைத் தடுக்கச் சட்டங்கள் பிறந்தன. இந்தியாவில் 1889ஆம் ஆண்டு வணிகப் பண்டக் குறிச் சட்டம் பொய்க்குறி இடுதலைக் குற்றமாக்கியது. 1940ஆம் ஆண்டுச் சட்டம் வணிகச் சின்னங்களைப் பதிவு செய்ய வழி செய்தது. இன்று நடப்பிலிருப்பது 1999ஆம் ஆண்டில் இயற்றப்பட்டு 2003ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த வணிகச் சின்னச் சட்டமாகும்.

ஆனால், சட்டம் இருந்தும் கைநழுவிய பெயர் ஒன்று உண்டு. லண்டன் நகரில் ஜேம்ஸ் தீவார் என்னும் விஞ்ஞானி 1892ஆம் ஆண்டு இரட்டைச் சுவருள்ள ஒரு கண்ணாடிக் கலத்தை அமைத்தார். இரு சுவர்களுக்கும் இடையிலிருந்த காற்றை வெளியேற்றி வெற்றிடமாக்கினார். வெப்பம் உள்ளிருந்து வெளியேயும் வெளியிலிருந்து உள்ளேயும் எளிதில் செல்லாது. திரவமாக்கிய வாயுக்களைக் காப்பதே அவர் நோக்கம். ஆகவே அவர் காப்புரிமை பெறவில்லை. ஜெர்மனியைச் சேர்ந்த ரைன்ஹோல்டு பர்கர் அக்கலத்துக்கு உலோக உறையிட்டு வீட்டுப் பண்டமாக்கினார். 1904ஆம் ஆண்டு அங்கே தோன்றிய நிறுவனம், வெப்பம் என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லிலிருந்து ‘தெர்மாஸ்’ என்ற பெயரை ஆக்கிக்கொண்டது. தீவார் வழக்காடியும் பயனில்லை. கண்டுபிடித்தவருக்குப் புகழும், பெயரிட்டவருக்கு வாணிகமும் கிடைத்தன.

அப்பெயரின் முடிவும் அறியத்தக்கது. தெர்மாஸ் என்ற சொல் வீடுதோறும் பரவியது. பரவுவது நன்றெனக் கருதி நிறுவனமே அதனை வளர்த்தது. நாளடைவில் எவர் செய்த வெற்றிடக் கலமும் தெர்மாஸ் என்றே அழைக்கப்பட்டது. அமெரிக்காவில் போட்டி நிறுவனம் ஒன்றன்மேல் வழக்குத் தொடுத்தபோது, அது பொதுச்சொல் ஆகிவிட்டது என 1962ஆம் ஆண்டு தீர்ப்பாயிற்று. 1963ஆம் ஆண்டு மேல்முறையீட்டிலும் அதுவே நிலைத்தது. ஆங்கிலத்தில் சிறிய எழுத்தில் எழுதினால் பொதுப்பெயர், பெரிய எழுத்தில் தொடங்கினால் நிறுவனப் பெயர் என்று நீதிமன்றம் ஒரு வரம்பு கட்டியது. நம் மொழியில் பெரிய எழுத்தும் இல்லை, சிறிய எழுத்தும் இல்லை. அவ்வழக்கு இங்கு வந்திருந்தால் நீதிபதி என்ன செய்திருப்பாரோ!

நம் நாட்டுக் கலத்துக்கு வருவோம். எங்கள் களம்பூரில் உள்ள புகைவண்டி நிலையத்தின் பெயர் ‘ஆரணி ரோடு’ என்பது. ஊர் ஒன்று, பலகையிலுள்ள பெயர் மற்றொன்று! என் இளமையில் அந்நிலையத்தில் வண்டிக்குக் காத்திருப்போர் கையில் பெரும்பாலும் ஒரு கூஜா இருக்கும். கூஜா என்னும் சொல் பாரசீக மொழியிலிருந்து வந்தது. பித்தளையால் ஆனது, திருகு மூடி கொண்டது, மூடியைக் கழற்றினால் அதுவே குடிக்கும் குவளை. அதற்கு அட்டைப்பெட்டியும் இல்லை, விளம்பரமும் இல்லை. ஆயினும் அதன் கழுத்தடியில் உளியால் புள்ளி புள்ளியாக வெட்டிய பெயர் ஒன்று இருக்கும். தந்தையின் பெயரோ, திருமணத்தில் அன்பளித்தவர் பெயரோ ஆகலாம். செய்த கன்னாரின் பெயர் அதில் இராது. அவர் கடைத்தெருவிலேயே இருந்தார். ஒழுகினால் கொண்டுபோய்க் கேட்கலாம். ஆகவே அவருக்கு முத்திரை வேண்டியதில்லை.

பின்னர் புதிய உலோகங்கள் வந்தன. சென்னைக் கலைப்பள்ளியில் ஆல்பிரட் சாட்டர்டன் 1898ஆம் ஆண்டு அலுமினியப் பாத்திரத் தொழிலைத் தொடங்கிவைத்தார். ஷெபீல்டு நகரில் ஹாரி பிரியர்லி 1913ஆம் ஆண்டு துருவேறா எஃகினை உருவாக்கினார். அதனைத் தமிழ் மக்கள் ‘எவர்சில்வர்’ என்றனர். என்றும் வெள்ளி என்பது அதன் பொருள். ஆனால் அதில் வெள்ளி இல்லை. இரும்பும் குரோமியமும் நிக்கலுமே உண்டு. பெயர் அழகியது, பொருளும் உறுதியானது, எனினும் பெயர் சொல்லும் உலோகம் வேறு, உள்ளே இருக்கும் உலோகம் வேறு. தொலைவில் எங்கோ உருவாகி வரும் பொருளுக்கு, கடைத்தெருக் கன்னாரைப் போல நேரில் பொறுப்பேற்பவர் இல்லை. அதனால்தான் நான்காவதாக ஒரு பெயர் தேவைப்பட்டது. அது சான்றளிப்பவர் பெயர்.

இந்தியத் தர நிறுவனம் 1947ஆம் ஆண்டு தோன்றியது. அதன் ஐ.எஸ்.ஐ. முத்திரைக்கு 1952ஆம் ஆண்டுச் சட்டம் வலிமை தந்தது. இன்று இந்தியத் தர அமைவனம் அப்பணியை ஆற்றுகிறது. தாமிரம், துருவேறா எஃகு, அலுமினியம் ஆகியவற்றால் ஆன குடிநீர்ப் புட்டிகளுக்குத் தரமுத்திரையைக் கட்டாயமாக்கும் ஆணையை 2023ஆம் ஆண்டு இந்திய அரசு பிறப்பித்தது. அழகிய பெயர் மட்டும் போதாது என்பதை அரசே ஒப்புக்கொண்டதன் அடையாளம் இது.

இவ்வரலாற்றிலிருந்து பெயரும் உறையும் அமைக்கப் புகும் மாணவர் கொள்ள வேண்டியவை சில. அட்டைப்பெட்டி ஒரு நாள் வாழ்வது. கலம் பத்தாண்டு வாழ்வது. ஆகவே வாங்குபவர் என்றும் அறிய வேண்டியதைக் கலத்திலேயே பொறியுங்கள். எவ்வுலோகத்தால் ஆனது, எவ்வளவு கொள்ளும், யார் செய்தது என்பன அவை. பெட்டியில், எவ்வாறு கழுவ வேண்டும், மூடியின் ரப்பர் வளையம் தேய்ந்தால் எங்கே கிடைக்கும் என்பதைத் தெளிந்த தமிழில் எழுதுங்கள். உடையவர் தம் பெயரை வெட்டிக்கொள்ளச் சிறிது வெற்றிடம் விடுங்கள். தண்ணீர்ப் பொட்டலம் உட்பட ஒருமுறை பயன்படும் நெகிழிப் பொருள்கள் பலவற்றைத் தமிழ்நாடு அரசு 2019 ஜனவரி முதல் தடை செய்தது. அவ்வாறிருக்க, குப்பையைக் குறைக்கவென்று செய்த புட்டியை மூன்று அடுக்கு நெகிழித்தாளில் பொதிந்து விற்பது தகுமா எனச் சிந்தியுங்கள்.

ஒரு கலத்தின் மேல் பெயர் பொறிப்பவர், இதில் குறை இருந்தால் என்னைக் கேள் என்று முன்பின் அறியாத ஒருவருக்கு வாக்களிக்கிறார். அரெஸ்ஸோ குயவர் அளித்த வாக்கு கடல் கடந்து அரிக்கமேடு வரை வந்தது. நீங்கள் அமைக்கும் பெயர் எதுவாயினும், அதனைக் கேட்டு ஒருவர் வந்து நின்றால் விடையளிக்கத் துணிவு உண்டா என்பதை முதலில் உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். உண்டு என்று நெஞ்சம் சொன்ன பின்னரே உளியை எடுங்கள்.