பல் பிடுங்குகிறவன் சொன்ன பொய்

வகுப்பில் யாராவது பொய் சொல்லி மாட்டிக்கொண்டால் எங்கள் பிரெஞ்சு வாத்தியார், "பல் பிடுங்குகிறவன் மாதிரிப் பொய் சொல்கிறாயே" என்பார். அது பிரெஞ்சுக்காரர்கள் பழமொழி. பல்லுக்கும் பொய்க்கும் என்ன சம்பந்தம் என்பது வெகுநாள் கழித்துத்தான் எனக்குப் புரிந்தது.

அந்தக் காலத்துப் பிரான்சில் கிராமத்து ஜனங்களைத் தேடிப் பல் வைத்தியம் வந்தது சந்தை நாளில்தான். மேடை போட்டு, மேளம் தட்டி, "வலியே இருக்காது" என்று கூவுவார்கள். மேளம் எதற்கு? அலறல் வெளியே கேட்காமலிருக்கத்தான். பியேர் ஃபோஷார் 1728இல் வெளியிட்ட பல் மருத்துவ நூலில் இப்படிப்பட்டவர்களின் தந்திரத்தைப் போட்டு உடைத்தார். கூட்டத்தில் கூலிக்கு ஓர் ஆள் நிற்பான். அவன் வாய்க்குள் மெல்லிய சவ்வில் சுற்றிய ஒரு பல்லும் கோழி ரத்தமும் இருக்கும். வைத்தியர் தொட்டதுமே துப்புவான். அடுத்து மேடையேறுகிறவன்தான் நிஜ நோயாளி, பாவம்.

1892இல் சட்டம் வந்து பட்டம் கட்டாயமாயிற்று. ஏற்கெனவே தொழில் செய்துவந்தவர்களுக்கு விலக்கும் கொடுத்தார்கள். எந்தச் சட்டத்தில்தான் விலக்கு இல்லை!

நான் கொம்யூன் அலுவலகம் ஒன்றில் குமாஸ்தாவாக இருந்தபோது, ஒரு கிராமத்துக்குப் பல் மருத்துவ வேன் வந்தது. தண்ணீர், கரண்ட், பந்தல் எல்லாம் என் பொறுப்பு. வேனுக்குள்ளேயே சாய்வு நாற்காலி, விளக்கு. மேளம் இல்லை, மரத்துப்போக ஊசி. சாயங்காலம் ஒரு பாட்டி பஞ்சைக் கடித்தபடியே, "மீதிப் பல்லுக்கு எப்பய்யா வருவீங்க?" என்று கேட்டார். டாக்டர் என்னைப் பார்த்தார். என் கையிலிருந்த உத்தரவில் அந்த ஒரு தேதிதான் இருந்தது.

"அடுத்த மாசம் பாட்டி" என்றேன்.

எனக்கு மாற்றல் வரும்வரை வேன் அந்தப் பக்கம் வரவில்லை.