கடைக்குப் பின்னால் ஒரு பள்ளி

1957ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 7ஆம் நாள். அமெரிக்க நாட்டின் தென் கரோலினா மாநிலத்தில், கடலோரத்து ஜான்ஸ் தீவில், ஒரு மளிகைக்கடையின் பின்புற அறையில் 14 பேர் கூடினர். வயல்களிலும் பிறர் வீடுகளிலும் உழைத்து அலுத்துப்போன கறுப்பின மக்கள் அவர்கள். சதி செய்யக் கூடினரா? சூதாடக் கூடினரா? இல்லை, தம் பெயரைத் தாமே எழுதக் கற்றுக்கொள்ளக் கூடினர்!

பெயரெழுதக் கற்பதற்கு மறைவிடம் எதற்கு? இதற்கு விடை காணச் சற்றே பின்னோக்கிச் செல்ல வேண்டும்.

அதே தென் கரோலினாவில் 1834ஆம் ஆண்டு ஒரு சட்டம் இயற்றினர். அடிமைக்கு எழுத்தறிவிப்பது குற்றம் என்றது அச்சட்டம். கற்பித்தவர் வெள்ளையரானால் தண்டமும் சிறையும்; விடுதலை பெற்ற கறுப்பரானால் 50 கசையடிகள் வரை! அறிவு பெற்றவன் அடிமையாய் இரான் என்பதை ஆண்டைகள் நன்றாக அறிந்திருந்தனர். படிப்பது பாவம் என்று ஒரு கூட்டத்துக்கு விதித்துவிட்டு, அக்கூட்டத்தையே அறிவிலிகள் என்று ஏசுகின்ற வஞ்சகம் நமக்குப் புதிதா, தோழர்களே?

உள்நாட்டுப் போர் முடிந்தது. 1865இல் அடிமைத்தளை அறுந்தது. 1870இல் நிறத்தைக் காட்டி வாக்குரிமையை மறுத்தலாகாது என்று அரசியல் சட்டம் திருத்தப்பட்டது. ஆனால், முன்வாயிலைத் திறந்தவர்கள் உள்வாயிலை அடைத்தனர். 1895இல் தென் கரோலினா தனக்கென வகுத்த அரசியல் சட்டத்தில், வாக்காளராகப் பதிவு செய்ய விரும்புவோர் அச்சட்டத்தின் ஒரு பகுதியைப் படித்தும் எழுதியும் காட்ட வேண்டும். அன்றேல் 300 டாலர் மதிப்புள்ள சொத்துக்கு வரி கட்டியிருக்க வேண்டும் என்று விதித்தது. முன்னே படிக்கவிடாமல் தடுத்தவர்களே, பின்னே படிக்கத் தெரியாதவனுக்கு வாக்கில்லை என்றனர்! சட்டத்தில் நிறம் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அதன் பயனோ முழுக்க முழுக்க நிறவெறிக்கே.

ஜான்ஸ் தீவில் ஈசா ஜென்கின்ஸ் என்றொரு கறுப்பினத் தோழர் வாழ்ந்தார். தீவு மக்களைச் சார்ல்ஸ்டன் நகரத்து வேலைகளுக்கு ஏற்றிச் செல்லும் பேருந்தை ஓட்டியவர் அவர். ஆலிஸ் வைன் என்ற அம்மையார் அவரிடம் கேட்டார்: எனக்குப் படிப்பில்லை, ஆனால் வாக்களிக்க வேண்டும், உதவுவாயா? பேருந்தே பள்ளியாயிற்று. சட்டப் பகுதியை ஜென்கின்ஸ் படித்துக் காட்டுவார்; அம்மையார் கேட்டுக் கேட்டு மனப்பாடம் செய்தார். அப்படியே ஒப்பித்துப் பதிவும் பெற்றார். எனினும் அவர் மனம் நிறையவில்லை. ஒப்பிப்பது வேறு, படிப்பது வேறு என்பதை உணர்ந்து, உண்மையாகவே படிக்க விரும்பினார்.

அந்த விருப்பத்துக்கு வழி செய்ய முன்வந்தவர் செப்டிமா கிளார்க். பல்லாண்டுகள் ஆசிரியையாகப் பணிபுரிந்தவர். கறுப்பின மக்களின் உரிமைச் சங்கத்தில் உறுப்பினராயிருந்ததற்காக 1956இல் வேலையையும் ஓய்வூதியத்தையும் ஒருங்கே இழந்தவர். டென்னசி மாநிலத்தில் மைல்ஸ் ஹார்ட்டன் 1932இல் தோற்றுவித்த ஹைலாண்டர் பள்ளி, வேலையிழந்த அவரை அழைத்துக்கொண்டது. நிற வேறுபாடின்றி மக்கள் ஒன்றாய் உண்டு, ஒன்றாய்க் கற்ற இடம் அது. பள்ளி நடத்தத் தீவில் இடம் கேட்டனர். கல்விக்கூடத்தார் அஞ்சினர்; தேவாலயத்தார் தயங்கினர். ஆகவே ஹைலாண்டர் தந்த கடனைக் கொண்டு ஒரு பழைய கட்டடத்தை வாங்கி, முன்புறத்தில் கூட்டுறவுக் கடை வைத்தனர். வெள்ளையர் கண்ணுக்குக் கடை, பின்புறத்திலோ பள்ளி!

ஆசிரியர் யார்? பட்டம் பெற்ற பேராசிரியரல்லர். பெர்னிஸ் ராபின்சன் என்ற அழகுக்கலைத் தொழிலாளி, தையற்காரி. வெள்ளை முதலாளியிடம் ஊதியம் பெறாதவர் ஆதலின், அவரை வேலையை விட்டு நீக்க எவராலும் இயலாது. நான் ஆசிரியை அல்லேன், சேர்ந்தே கற்போம் என்று அவர் தொடங்கினார். சிறுவர் பாடநூல்களைக் கொண்டுவந்தார். அவை வளர்ந்தோருக்குப் பொருந்தா என்று கண்டதும் ஒதுக்கிவிட்டார். உங்களுக்கு என்ன கற்க வேண்டும் என்று மாணவரையே கேட்டார்.

அவர்கள் கேட்டவை எவை? பெயரெழுத வேண்டும். பணவிடைத்தாளை நிரப்ப வேண்டும். அஞ்சல் வழியே பொருள் வரவழைக்கும் படிவத்தை எழுத வேண்டும். செய்தித்தாள் படிக்க வேண்டும். விவிலியம் படிக்க வேண்டும். வாழ்க்கைக்கு வேண்டியவை இவை. இவையே பாடத்திட்டம் ஆயின. அட்டையில் எழுதிய பெயரின் மீது பென்சிலை மீண்டும் மீண்டும் ஓட்டி, ஏர் பிடித்துக் காய்ந்த விரல்கள் எழுத்துக்குப் பழகின. அன்றாடக் கணக்கே கணிதப் பாடமாயிற்று. இளம்பெண்களுக்குத் தையல் கற்பித்தனர். சுவரிலோ உலக மனித உரிமைப் பிரகடனம்!

பணவிடைத்தாளை நிரப்பப் பழகிய கை, வாக்காளர் பதிவுத்தாளுக்கு அஞ்சுமா? படிவத்தில் கைந்நாட்டு வைத்தவர் கையெழுத்திட்டார். கையெழுத்திட்டவர் வாக்குரிமையைக் கேட்டார். வாழ்க்கைத் திறன் வேறு, அரசியல் உரிமை வேறு என்ற பிரிவு அந்தச் சிற்றறையில் தகர்ந்தது.

அண்டைத் தீவுகளுக்கும் பள்ளிகள் பரவின. ஆதிக்கக்காரர் வாளாவிருப்பரா? 1961இல் டென்னசி அரசு ஹைலாண்டரை மூடியது. கட்டடத்தை மூடலாம், கற்றதை மூட இயலுமா? அதே ஆண்டு மார்ட்டின் லூதர் கிங் தலைமையிலான அமைப்பு இப்பள்ளிகளை ஏற்றுக்கொண்டது. தென்மாநிலங்களெங்கும் உழவரும் கடைக்காரரும் இல்லத்தரசியரும் பயிற்சி பெற்றுத் தம் ஊருக்குத் திரும்பி ஆசிரியராயினர். 1965ஆம் ஆண்டின் வாக்குரிமைச் சட்டம், தென் கரோலினா முதலிய மாநிலங்களில் அந்த எழுத்தறிவுத் தேர்வை நிறுத்திவைத்தது. அச்சட்டம் வானத்திலிருந்து விழுந்ததன்று. எத்தனையோ பேர் சிறை சென்றும் உயிர் கொடுத்தும் பெற்றது. அந்தப் போருக்கு ஆள் சேர்த்த பாசறைகளுள் ஒன்று, கடைக்குப் பின்னிருந்த அந்தப் பள்ளி.

தோழர்களே! மேடையேறி உரிமை பேசுகிறோம், பேசத்தான் வேண்டும். ஆனால் நம் தெருவிலேயே வங்கிப் படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு, நிரப்பித் தருவார் யாரென்று தேடி நிற்கும் தாய் ஒருத்தி இருக்கிறாள். ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று அறியாமலே கையொப்பமிடும் இளைஞன் இருக்கிறான். அவர்களுக்கு நிரப்பித் தருவது உதவி. நிரப்பக் கற்றுத் தருவது விடுதலை. அதற்குப் பட்டம் வேண்டா, பதவி வேண்டா. மாலையில் ஒரு மணி நேரமும், சேர்ந்தே கற்போம் என்ற பணிவும் போதும். பெர்னிஸ் ராபின்சனிடம் இருந்தவை அவ்வளவே. நம்மிடம் அவையும் இல்லையா?