முறுக்கு விசை, குதிரைத்திறன், எரிபொருள் செலவு

கார் எஞ்சின் தன் கிராங்க் தண்டை எவ்வளவு பலமாகத் திருகுகிறது என்பதன் அளவு முறுக்கு விசை. ஓட்டுநர்கள் இழுவை என்றும் டார்க் என்றும் சொல்வது இதைத்தான். அலகு நியூட்டன் மீட்டர். அப்படித் திருகி ஒரு நொடியில் எவ்வளவு வேலை முடிகிறது என்பது திறன். 75 கிலோ எடையை ஒரு நொடியில் ஒரு மீட்டர் தூக்கினால் அது ஒரு மெட்ரிக் குதிரைத்திறன், அதாவது 735.5 வாட்.

இவை இரண்டையும் இணைப்பது சுழற்சி வேகம். முறுக்கு விசையை நிமிடச் சுற்றுகளால் பெருக்கி 9,549ஆல் வகுத்தால் திறன் கிலோவாட்டில் கிடைக்கும். ஆகவே, டார்க் பெரிதா குதிரைத்திறன் பெரிதா என்ற வாதத்துக்குப் பொருளே இல்லை.

2018இல் இந்தியாவில் வந்த மாருதி ஸ்விஃப்ட்டை எடுத்துக்கொள்வோம். அதன் 1.2 லிட்டர் பெட்ரோல் எஞ்சின் 6000 சுற்றில் 83 குதிரைத்திறனும் 4200 சுற்றில் 113 நியூட்டன் மீட்டரும் தந்தது. 1.3 லிட்டர் டீசல் தந்தது 4000 சுற்றில் 75 குதிரைத்திறன், 2000 சுற்றிலேயே 190 நியூட்டன் மீட்டர். உச்சத் திறனில் பெட்ரோல் முந்துகிறது. ஆனால் 2000 சுற்றில் கணக்கிட்டால் டீசலிடம் சுமார் 54 குதிரைத்திறன் இருக்க, பெட்ரோல் எஞ்சின் தன் உச்ச இழுவையை அங்கேயே காட்டினாலும் 32ஐத் தாண்டாது. ஏற்றத்தில் டீசல் கார் அதே கியரில் ஏறுவதன் காரணம் இதுதான். பெட்ரோல் காரும் கியரைக் குறைத்து 4200 சுற்றுக்குப் போனால் சுமார் 68 குதிரைத்திறன் வரை எட்டும். கியர்பெட்டி முறுக்கு விசையைப் பெருக்கும், திறனைப் பெருக்காது.

எரிபொருள் செலவு இன்னொரு கணக்கு. சமதளச் சாலையில் 80 கி.மீ. வேகத்தில் போகும் சிறிய காருக்கு 10 முதல் 15 குதிரைத்திறன் போதும். 12 குதிரைத்திறனை 2000 சுற்றில் 42 நியூட்டன் மீட்டராகவும் பெறலாம், 4000 சுற்றில் 21 ஆகவும் பெறலாம். வேகம் ஒன்றே, செலவு ஒன்றல்ல. சுற்று கூடக்கூட உராய்வில் போகும் ஆற்றல் கூடும். பெட்ரோல் எஞ்சினில் இன்னொரு இழப்பும் உண்டு: பாதி மூடிய த்ராட்டில் வழியே காற்றை இழுக்கவே பிஸ்டன் உழைக்க வேண்டியிருக்கிறது. அதனால் குறைந்த சுற்றில் ஓரளவு நல்ல சுமையோடு ஓடும்போதுதான் எஞ்சின் சிக்கனமாக இருக்கும். மேல் கியரில் மைலேஜ் கூடுவது இதனால்தான். இதற்கும் எல்லை உண்டு. சுற்று மிகவும் இறங்கியபின் ஆக்சிலரேட்டரை அழுத்தினால் எஞ்சின் திணறும், நாக்கிங் வரலாம், மிச்சமும் போய்விடும்.

அதே ஸ்விஃப்ட்டின் சான்றளிக்கப்பட்ட மைலேஜ் பெட்ரோலில் 22 கி.மீ., டீசலில் 28.4 கி.மீ. இழுவை அதிகம் என்பதால் வந்த மிச்சம் என்று இதைச் சொல்வது தவறு. டீசலில் அழுத்த விகிதம் அதிகம், த்ராட்டில் இழப்பு மிகக் குறைவு. ஒரு லிட்டர் டீசலில் உள்ள ஆற்றலும் பெட்ரோலைவிட ஏறத்தாழ 10 முதல் 15 சதவீதம் கூடுதல்.

கார் வாங்கப் போகிறவர்கள் விவரத்தாளில் டார்க் எண்ணை மட்டும் பார்த்துவிட்டு வராதீர்கள்; அது எத்தனை சுற்றில் கிடைக்கிறது என்று பக்கத்திலேயே அச்சிட்டிருக்கும், அதையும் சேர்த்துப் படியுங்கள்.