தண்ணீர்ப் பில்: சுமை கூலியின் கதை

ஓய்வு பெற்றவர்கள் நான்கு பேர் கூடினால் முன்பெல்லாம் பென்ஷனைப் பற்றிப் பேசுவோம். இப்போது பில்களைப் பற்றிப் பேசுகிறோம். மின்சாரம், கேஸ், அதற்கடுத்து தண்ணீர். புதுச்சேரியில் பல குடும்பங்களுக்குப் பிரான்சில் ஒரு கிளை உண்டு. அங்கே இருக்கும் பிள்ளைகளும் போனில் இதையேதான் சொல்கிறார்கள். போன மாதம் என் தங்கை மகன், பாரிஸ் புறநகரில் இருப்பவன், தன் வீட்டுத் தண்ணீர்ப் பில்லைப் படம் பிடித்து அனுப்பினான். "இதுல பாதிக்கு மேல தண்ணியே இல்லையே மாமா, என்ன கணக்கு இது?" என்று கேட்டிருந்தான்.

முப்பது வருஷத்துக்கு மேல் அரசாங்கக் கணக்கைப் பார்த்த கை சும்மா இருக்குமா? கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். அந்தப் பில்லில் மூன்று தலைப்புகள். முதலாவது, தண்ணீரை வீட்டுக்குக் கொண்டுவந்து தருவது. இரண்டாவது, அழுக்குத் தண்ணீரை வாங்கிச் சுத்தம் செய்வது. மூன்றாவது, பொது அமைப்புகளுக்கும் வரிக்கும் போவது. தண்ணீருக்கு விலை என்று தனியாக ஒரு வரிகூட இல்லை. ஆற்று நீருக்கு விலை கிடையாது. நாம் கட்டுவதெல்லாம் கொண்டுவருகிற கூலியும், கொண்டுபோகிற கூலியும்தான். ஆனால் அந்த மூன்று தலைப்புகளுக்கும் பின்னால் இருநூற்றைம்பது வருஷக் கதை இருக்கிறது.

பள்ளிக்கூடத்தில் சேன் நதி எங்கே பிறக்கிறது, எந்தெந்த ஊர் வழியாகப் போகிறது என்று மனப்பாடம் செய்தோம். அந்த நதித் தண்ணீர் பாரிஸ்காரன் வீட்டுக்குள் எப்படிப் போனது என்று யாரும் சொல்லித் தரவில்லை. ஆள் சுமந்துதான் போனது. பிரெஞ்சுப் புரட்சிக்கு முந்தைய பாரிஸ் வாழ்க்கையை எழுதிய மெர்சியே, அந்த நகரத்தில் இருபதாயிரம் தண்ணீர் சுமப்பவர்கள் இருந்ததாகக் குறிப்பிடுகிறார். தோளில் நுகம் போலக் கட்டை, இரண்டு பக்கமும் வாளி, ஏழாவது மாடி வரை படியேற்றம். நல்ல உடல்வாகு உள்ளவன் நாளைக்கு முப்பது நடை போவானாம். இரண்டு வாளி கொண்ட ஒரு நடைக்குக் கூலி ஒன்றரை சூ முதல் இரண்டு சூ வரை. அன்றைய நாணயத்தில் அது சில்லறைதான். ஆனால் தினக்கூலிக்காரன் குடும்பத்துக்கு அதுவும் கனம். அதனால் ஏழைகள் தண்ணீரை அளந்து செலவழித்தார்கள். முகம் கழுவிய தண்ணீரில் தரை துடைத்தார்கள். சிக்கனம் என்பது அன்றே தொடங்கிவிட்டது.

1778-இல் பெரியே சகோதரர்கள் ஒரு கம்பெனி ஆரம்பித்து, ஷாயோ என்ற இடத்தில் நீராவிப் பம்பு வைத்து, சேன் நதித் தண்ணீரைக் குழாயில் ஏற்றினார்கள். கம்பெனிப் பங்குகளை வைத்துப் பெரிய சூதாட்டமே நடந்தது. மிராபோ எதிர்த்து எழுத, பொமார்ஷே ஆதரித்து எழுத, துண்டுப் பிரசுரச் சண்டை மூண்டது. பத்து வருஷத்துக்குள் கம்பெனி படுத்துவிட்டது. அதன் பிறகும் சாதாரண வீடுகளுக்கு வாளிதான் கதி.

1832-இல் பாரிஸில் காலரா வந்து 18,000 பேருக்கு மேல் செத்தார்கள். அதன் பிறகும் இருபது வருஷம் கழிந்து, மூன்றாம் நெப்போலியன் ஆட்சியில்தான் வேலை உருப்படியாக நடந்தது. பெல்கிரான் என்ற பொறியாளர், ஆற்று நீர் வேண்டாம், தூரத்து ஊற்று நீரைக் கொண்டுவருவோம் என்றார். துயி ஊற்றிலிருந்து 131 கிலோமீட்டர் கால்வாய் 1865-இல் வந்து சேர்ந்தது. வான் ஊற்றுத் தண்ணீர் 1874-இல் வந்தது.

அதே மூன்றாம் நெப்போலியன் காலத்தில்தான் நம் ஊருக்கும் முத்திரையர்பாளையத்திலிருந்து நல்ல தண்ணீர் வந்தது. பாரதி பூங்கா நடுவில் நிற்கும் ஆயி மண்டபம் அதன் நினைவுச் சின்னம். ஆயி என்ற தாசியின் மாளிகையைக் கோயில் என்று நினைத்து அரசன் கும்பிட்டுவிட்டான், உண்மை தெரிந்ததும் இடிக்கச் சொன்னான், அவளோ தன் கையாலேயே இடித்து அந்த இடத்தில் குளம் வெட்டினாள் என்பது நாம் சின்ன வயதில் கேட்ட செவிவழிக் கதை. அந்தக் கதையைக் கேட்டு மனம் இளகி நெப்போலியன் மண்டபம் கட்டச் சொன்னார் என்பார்கள். கதை எப்படியிருந்தாலும், ஒரு தண்ணீர்த் திட்டத்துக்கு ஒரு பெண்ணின் பெயரில் நினைவுச் சின்னம் வைத்த ஊர் நம்முடையது என்பதில் எனக்குப் பெருமைதான்.

பிரான்சுக்குத் திரும்புவோம். 1853 டிசம்பரில் அரசாணை மூலம் ஒரு பெரிய தண்ணீர்க் கம்பெனி உருவானது. முதலில் லியோன் நகரம், 1860-இல் பாரிஸ். குழாய்கள் நகராட்சியின் சொத்து. சந்தா வசூல் கம்பெனியின் வேலை. ஆரம்பத்தில் மீட்டர் கிடையாது. வீட்டில் எத்தனை பேர், எத்தனை குதிரை, எத்தனை வண்டி என்று எண்ணித் தோராயமாகக் கட்டணம் போட்டார்கள். 1880-ஐ ஒட்டித்தான் மீட்டர் பரவலாக வந்தது. பணம் கட்ட முடியாதவர்கள் தெரு நீரூற்றுக்கே போனார்கள். 1870-71 போரிலும் முற்றுகையிலும் பாரிஸ் சீரழிந்த பிறகு, வாலஸ் என்ற ஆங்கிலேயச் செல்வர் தன் சொந்தப் பணத்தில் 1872-இல் குடிநீர் ஊற்றுகள் வைத்துக் கொடுத்தார். நான்கு பெண் உருவங்கள் குடையைத் தாங்கி நிற்கும் பச்சை நிறச் சின்னம், பாரிஸ் போன நம்மவர்கள் பார்த்திருப்பீர்கள். பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டவர்களும் உண்டு.

இனி இரண்டாவது தலைப்பு. 1894-இல் பாரிஸில் ஒவ்வொரு வீட்டுக் கழிவும் நேராகச் சாக்கடையில் சேர வேண்டும் என்று சட்டம் வந்தது. இணைப்புக்கும் பணம், வருஷா வருஷமும் பணம். வீட்டுச் சொந்தக்காரர்கள் பலமாக எதிர்த்தார்கள். ஆனாலும் நடந்தது. அன்று ஏறிய அந்தத் தலைப்பு இன்று வரை இறங்கவில்லை. ஆற்றைக் காப்பாற்ற 1964-இல் ஒரு சட்டம். நாட்டை ஆறு நீர்ப்படுகைகளாகப் பிரித்து ஆறு முகமைகள். அவற்றின் கட்டணமும் பில்லுக்குள் வந்தது. இதுதான் மூன்றாவது தலைப்பு. 1991-இல் ஐரோப்பிய விதி வந்தது. ஊர் ஊராகச் சுத்திகரிப்பு நிலையம் கட்ட வேண்டியதாயிற்று. 'தண்ணீரின் செலவைத் தண்ணீரே கட்ட வேண்டும்' என்பது அந்த நாட்டுக் கொள்கை. அதாவது பொது வரியிலிருந்து எடுக்காமல் பில்லிலிருந்தே எடுக்க வேண்டும். 1990களில் கட்டணம் விறுவிறுவென்று ஏறியதற்கு இது ஒரு பெரிய காரணம்.

இன்னொரு காரணமும் உண்டு. அதைக் கணக்கில் தேட வேண்டும். 1985-இல் பாரிஸ் மேயராக இருந்த ஜாக் சிராக், சேன் நதியின் ஒரு கரையை ஒரு கம்பெனிக்கும் மறு கரையை இன்னொரு கம்பெனிக்கும் 25 வருஷத்துக்குக் கொடுத்தார். அந்தக் காலத்தில் தண்ணீர் விலை இரண்டு மடங்குக்கும் மேல் ஏறியது. ஒப்பந்தம் முடிந்ததும் 2010 ஜனவரி முதல் நகராட்சியே ஏற்று நடத்தியது. முதல் வருஷத்திலேயே 35 மில்லியன் யூரோ மிச்சமானது. 2011-இல் விலையை 8 சதவீதம் குறைத்தார்கள். தண்ணீர் விலை குறைந்தது என்ற செய்தியை என் வாழ்நாளில் அபூர்வமாகத்தான் படித்திருக்கிறேன். கிரெனோபிள் நகரம் இதற்குப் பத்து வருஷம் முந்தியது. 1989-இல் தண்ணீரைத் தனியாருக்குக் கொடுத்ததில் ஊழல் என்று நீதிமன்றமே தீர்ப்புச் சொல்லி, முன்னாள் மேயர் சிறைக்குப் போனார். 2000-இல் ஊர் தன் தண்ணீரைத் திரும்ப எடுத்துக்கொண்டது.

தனியார் என்றாலே கெட்டது, அரசாங்கம் என்றாலே நல்லது என்று நான் சொல்ல வரவில்லை. அரசாங்க அலுவலகத்துக்குள் உட்கார்ந்து பார்த்தவன் நான். யார் சுமந்தாலும் கூலி உண்டு. அந்தக் கூலிக் கணக்கு ஊராருக்குத் தெரிகிறதா என்பதுதான் கேள்வி. மூடிய கணக்கில் விலை தானாக ஏறும்.

சிக்கனமாக இருந்தால் பில் குறையுமா? ஓரளவுக்குக் குறையும். ஆனால் குழாய், பம்பு, ஆள் சம்பளம் என்று செலவில் பெரும்பகுதி, நீங்கள் ஒரு வாளி பிடித்தாலும் பத்து வாளி பிடித்தாலும் மாறாது. ஊரே சிக்கனமாக இருந்தால், அதே செலவைக் குறைந்த கன மீட்டரில் பங்கு போட வேண்டும். ஒரு கன மீட்டரின் விலை கூடிவிடும். பிரான்சில் இது நடந்துகொண்டிருக்கிறது. குறைவாகப் பிடிக்கிறோம், அதிகமாகக் கட்டுகிறோம் என்று அங்கே மூத்தவர்கள் புலம்புவது வெறும் புலம்பல் இல்லை.

அதற்காகச் சும்மா இருந்துவிடவும் இல்லை. தோட்டம் உள்ளவர்கள் கூரைத் தண்ணீரைப் பீப்பாயில் பிடிக்கிறார்கள். 2008 முதல் அந்தத் தண்ணீரை வீட்டுக்குள் கழிவறைக்கும் பயன்படுத்தலாம். ஆனால் நகராட்சிக்கு அறிவிக்க வேண்டும், அது சாக்கடைக்குப் போவதால் அந்தக் கட்டணம் உண்டு. டன்கெர்க் 2012-இல் மூன்று படிக் கட்டணம் கொண்டுவந்தது: அத்தியாவசியத்துக்கு மலிவு, ஆடம்பரத்துக்கு அதிகம். மோன்பெலியே 2023 முதல் தனி மீட்டர் உள்ள வீடுகளுக்கு முதல் 15 கன மீட்டரை இலவசமாகத் தருகிறது.

அங்கே பிள்ளைகள் இருப்பவர்கள் இரண்டு சட்டங்களை அவர்களிடம் சொல்லி வையுங்கள். ஒன்று, 2011-ஆம் வருஷத்தது. மீட்டருக்குப் பிறகு மண்ணுக்குள்ளோ சுவருக்குள்ளோ குழாய் கசிந்து பில் எகிறினால், கம்பெனி கடிதம் அனுப்பிய ஒரு மாதத்துக்குள் பிளம்பரிடம் பழுது பார்த்த சான்று வாங்கிக் கொடுத்துவிட்டால், வழக்கமான அளவைப் போல இரண்டு மடங்குக்கு மேல் கட்ட வேண்டாம். கழிவறைத் தொட்டி ஒழுகியதற்கு இந்தச் சலுகை கிடையாது. இரண்டாவது, 2013-ஆம் வருஷத்தது. குடியிருக்கும் வீட்டில் பில் பாக்கிக்காகத் தண்ணீரை வெட்டக் கூடாது. எதிர்த்து வழக்குப் போனது. 2015 மே மாதம் அரசியல் சாசன சபையும் சட்டம் சரியே என்றது. பாக்கி பாக்கியாகவே இருக்கும், ஆனால் குழாயில் தண்ணீர் வரும். மெர்சியே காலத்தில் காசு இல்லாதவன் வீட்டுப் படியை வாளிக்காரன் மிதித்திருக்க மாட்டான். அந்தத் தூரத்தை அவர்கள் கடந்திருக்கிறார்கள்.

நாமோ எதிர்த் திசையில் நடக்கிறோம் என்று எனக்குப் படுகிறது. கடற்கரையை ஒட்டிய தெருக்களில் நிலத்தடி நீர் உப்புக் கரித்துப் போனதால், குழாய்த் தண்ணீரைக் குளிக்கவும் துவைக்கவும் வைத்துக்கொண்டு, குடிக்கவும் சமைக்கவும் 20 லிட்டர் கேன் வாங்குகிறோம். கேன் போடும் பையன் தோளில் வைத்துப் படியேறுகிறான். மாடி வீடு என்றால் கூடுதலாகக் கேட்கிறான். அவன் முதுகு நோவதற்கு அது நியாயம்தான். பாரிஸில் நூற்றைம்பது வருஷத்துக்கு முன் ஒழிந்துகொண்டிருந்த தொழில் நம் படிக்கட்டில் புதிதாக ஏறி வருகிறது. அதற்கு ரசீது கிடையாது, மீட்டர் கிடையாது, கேட்பதற்கு அலுவலகமும் கிடையாது.

எங்கள் வீட்டில் நாள்காட்டிக்குப் பின்னால் கேன் வாங்கிய தேதியைக் குறித்து வைக்கிறோம். கேனுக்குக் கொடுப்பது அரசாங்கத் தண்ணீர்ப் பில்லைத் தாண்டிப் பல மாதம் ஆகிறது. நீங்களும் ஒரு மாதம் குறித்துப் பாருங்கள். பிறகு அடுத்த முறை வார்டு கூட்டத்தில் தண்ணீர்க் கட்டணம் பற்றிப் பேச்சு வரும்போது, இரண்டு தொகையையும் சேர்த்து ஒரே காகிதத்தில் எழுதிக் கொண்டுபோய்க் கொடுங்கள். வாயால் சொன்னால் காற்றில் போகும். எழுதிக் கொடுத்தால் கோப்பில் ஏறும்.